மப்ரூக்காவின் சக்களத்தி

எகிப்தில் ஹமாத்தாவுக்குத் தெற்கே, செங்கடலை ஒட்டிக் கிடக்கும் முப்பது நாற்பது வீடுகளில், ஷாஸ்லியைப் பற்றி நல்லதாகப் பேசுகிறவர்களும் உண்டு, வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் காரணம் ஒரே பறவை. அதை விட்டுவிட்டு அவனைப் பற்றிப் பேச முடியாது. அவன் மனைவி மப்ரூக்காவே அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

பறவை ஒன்றும் அதிசயப் பறவை இல்லை. நம் ஏரிக்கரைகளில் குளிர்காலத்தில் வந்து பட்ட மரத்தில் உட்கார்ந்திருக்குமே, வெள்ளைத் தலை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, விராலடிப்பான் என்போமே, அதேதான். செங்கடலில் விராலுக்கு எங்கே போவது? முரலும் கிளிமீனும் அடித்துத் தின்கிறது. பெயருக்காக யாரும் பட்டினி கிடப்பதில்லை. இந்தத் தீவுகளில் மரமும் இல்லாததால் தரையிலேயே கூடு கட்டுகிறது. அலை ஒதுக்கிய கட்டை, அறுந்த வலை, ஆமை ஓடு, ஒற்றைச் செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் வருஷா வருஷம் குவித்து இடுப்பளவு உயர்த்திவிடும். தூரத்தில் பார்த்தால் யாரோ குப்பையைக் கூட்டிவைத்திருப்பதாகத்தான் தோன்றும்.

ஷாஸ்லி முதலில் மீன்பிடிக்கிறவனாக இருந்தான். அந்தக் காலத்தில் இந்தப் பறவையின் முட்டையைச் சாம்பலில் சுட்டுத் தின்றிருக்கிறான். அதை அவன் மறைத்ததே இல்லை. "கோழி முட்டைய விடப் பெருசு. ருசி ஒண்ணும் பிரமாதமில்ல" என்பான். பிறகு அரசாங்க இயற்கைக் காப்பகத்தில் காவலாளி வேலை கிடைத்தது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை சுவைராத் தீவில் இருக்கும் ஒற்றைக் கூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆட்களை இறங்க விடக் கூடாது, அன்றன்று பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. வேலையில் சேரும்போது அவனுக்கு அந்தப் பறவைமேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வருகிறது என்ற பிரியம்தான்.

சுவைரா மிகச் சின்னத் தீவு. தெற்கு முனையில் கொஞ்சம் மணல், எஞ்சின் படகு அங்கேதான் ஒதுங்க முடியும். மணலிலிருந்து அறுபது தப்படியில் கூடு. ஷாஸ்லி அந்தப் பக்கமே போக மாட்டான். விடிகிற நேரத்தில் வடக்கு முனையில் பாறைமேல் ஏறும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும்போது தன் சின்னப் படகைக் கழி ஊன்றித் தள்ளி வந்து, பவளக்கல் அடுக்கிப் பாய்த்துணி போட்ட மறைவுக்குள் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொள்வான். தொலைநோக்கிதான் துணை. மதியத் தொழுகைக்கு அப்புறம் அதே மாதிரி ஊர்ந்து வெளியேறுவான். நாற்பத்தைந்து வயதுக்காரன் வயிறு தேய ஊர்வதை மீன்பிடிக்கிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

முதல் வருஷம் மூன்று முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. இருபத்தெட்டாம் நாள் ஒரு படகு வெளிநாட்டு ஆட்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து நேராக மணலில் ஒதுங்கியது. ஷாஸ்லி கத்திக்கொண்டு தீவின் குறுக்கே ஓடி அவர்களைக் கிளப்புவதற்குள் நாற்பது நிமிஷம். தாய் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் முட்டை வெந்துவிட்டது. மூன்று நாள் வரை தாய் அதன்மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, நாலாம் நாள் எழுந்துபோனது. கடற்காகங்கள் வந்து மிச்சத்தை முடித்தன.

படகுக்காரன் வேறு யாரும் இல்லை, மப்ரூக்காவின் கூடப் பிறந்த அண்ணன் அத்தல்லா. ஷாஸ்லி நோட்டில் படகின் பெயரையும் அத்தல்லாவின் பெயரையும் எழுதினான். அந்தப் பருவம் முழுக்க அத்தல்லாவின் படகுக்கு அனுமதி போயிற்று. அன்றோடு பேச்சுவார்த்தையும் போயிற்று. அத்தல்லா வீட்டில்தான் மப்ரூக்காவின் அம்மா இருந்தாள். அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று தங்கைக்கும் சொல்லி அனுப்பிவிட்டான். நடந்துபோனால் கால்மணி நேரம்கூட ஆகாத வீடு.

"எங்கண்ணன் பேர எழுதுறப்ப உனக்குக் கை வெறைக்கலையா?" என்று கேட்டாள் மப்ரூக்கா.

"வேற யாரு பேர எழுதச் சொல்ற?"

"காத்து அடிச்சுச்சுன்னு எழுது. காக்கா வந்துச்சுன்னு எழுது. படிச்சவங்க எழுதாததையா நீ எழுதப்போற?"

ஷாஸ்லி வானத்தைப் பார்த்தான். மாட்டிக்கொண்டால் வானத்தைப் பார்ப்பது அவன் வழக்கம். அந்த வழக்கம் மப்ரூக்காவை இன்னும் எரிச்சலாக்கும்.

இரண்டாம் வருஷம் ஒரு குஞ்சு பொரித்தது. அன்றைக்குத் தாய் எழுந்து நின்று கூட்டுக்குள் எட்டிப் பார்த்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆண் பறவை ஒரு முரல் மீனின் தலையை எங்கோ வைத்துத் தின்றுவிட்டு உடம்பை மட்டும் கொண்டுவந்து போட, தாய் அதில் நூலளவு கிழித்துக் கீழே நீட்டியது. மறைவுக்குள் படுத்திருந்த ஷாஸ்லி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியில் படகிலேயே ஆடினான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவன் இல்லை என்கிறான். பதினேழாம் நாள் ஆண் கொண்டுவந்த மீனோடு ஒரு தூண்டில் நரம்பும் வந்தது. குஞ்சின் காலிலும் கழுத்திலும் அது சுற்றிக்கொண்டது. கூட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. போனால் தாய் கூட்டையே கைவிட்டுவிடலாம். அவன் போகவில்லை. இரண்டு நாள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை, மப்ரூக்காவிடம்கூட. ஆனால் அதற்கப்புறம் அது வெறும் வேலையாக இல்லை. இந்தத் தீவிலிருந்து ஒரே ஒரு குஞ்சாவது பறந்து போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்குள் ஒரு வெறி வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் வருஷம் பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று முட்டையும் பொரிந்தது. மூன்றும் உயிர். ஷாஸ்லி ஒரு நாளும் வீட்டில் இருப்பதில்லை. விடியலுக்கு முன்னால் போனால் சாயங்கால அஸர் தொழுகை வேளைக்குத்தான் வருவான். வந்தாலும் பேச்சு அதுதான்.

"மூணாவது இருக்கு பாரு, சின்னது, அதுக்கு அவ கடைசியாத்தான் குடுக்குறா. ஆனா குடுத்துர்றா" என்பான்.

"எனக்குப் புடவை எடுத்துக் குடுத்து எத்தன வருஷம் ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? அவ எத்தன வாய் குடுத்தான்னு மட்டும் கணக்கா இருக்கு. சக்களத்தி வந்தாலும் மனுஷியா வருவான்னு நெனச்சேன். றெக்கையோட வந்திருக்கா" என்பாள் மப்ரூக்கா. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்வாள். இரண்டு வருஷமாகப் பெருநாளுக்குக்கூட அம்மா முகம் பார்க்காமல் போனது உள்ளே இருந்தது. சிரிப்பு அதை மூடத்தான்.

குஞ்சுகளுக்கு ஒன்பதாம் நாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆண் கடலுக்குப் போயிருந்தது, தாய் இறக்கையை விரித்து மூன்றுக்கும் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. தொலைநோக்கியில் கண் வைத்திருந்த ஷாஸ்லிக்கு முதலில் எஞ்சின் சத்தம் கேட்டது. அடுத்து தாய் தலையைத் திருப்பியது. அடுத்து எழும்பிவிட்டது.

மணலில் படகு ஒதுங்கியது. ஆறு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் பெரியவர் கரமல்லா. அந்தக் கரையில் எந்தச் சண்டையானாலும் அவர் உட்கார்ந்து பேசினால்தான் தீரும். அவருக்குப் பின்னால் நாலு உறவுக்காரர்கள். கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு, அத்தல்லா.

ஷாஸ்லி மறைவை விட்டு எழுந்து ஓடினான். இனி ஊர்ந்து என்ன பயன்?

"அஸ்ஸலாமு அலைக்கும், ஷாஸ்லி! உன்னப் புடிக்கக் கடலைத் தாண்டி வர வேண்டியதாப் போச்சே!" என்றார் கரமல்லா.

இந்தக் கரையில் இருக்கும் அபாப்தா குலத்தாரின் நலவிசாரிப்பைச் சுருக்க யாராலும் முடியாது. உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, ஆடு எப்படி, ஒட்டகம் எப்படி, காற்று எப்படி என்று ஆறு பேரும் கேட்டார்கள், ஆறு பேருக்கும் அவன் சொன்னான். சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் மேலே பார்த்தான். தாய் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"பெரியவரே, இங்க வெயிலு கொளுத்துது. வீட்டுக்குப் போயிருவோம். மப்ரூக்கா ரொட்டி சுட்டு வெப்பா."

"உன் பொண்டாட்டிதான்டா எங்கள இங்க அனுப்புனா. 'வீட்டுல காத்திருந்தா நரைச்சுப் போயிருவீங்க, தீவுக்கே போங்க'ன்னா. காபிக்கு இஞ்சிகூட அவதான் முடிஞ்சு குடுத்தா. எங்க, அந்த மூட்டையப் பிரிங்கப்பா."

அடுப்புக்கரி, வறுக்கிற கரண்டி, மர உரல், களிமண் கூஜா, எல்லாம் மணலில் இறங்கின. அந்தக் கூஜாவுக்குத்தான் ஜபனா என்று பேர். அதில் காய்ச்சுகிற காபிக்கும் அதே பேர். சமரசம் பேசப் போனால் ஜபனா இல்லாமல் பேச்சே இல்லை. வீட்டுக்காரன் கையால் வறுத்து, இடித்து, காய்ச்சி ஊற்ற வேண்டும். தீவில் வீட்டுக்காரன் ஷாஸ்லிதான். ஒரு கோப்பையோடு எழுந்தால் அவமானம், இரண்டோடு எழுந்தால் சண்டை. மூன்று குடித்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

"பெரியவரே, இங்க கூடு இருக்கு. குஞ்சு பொரிச்சு ஒம்பது நாளுதான் ஆவுது. ஆளிருந்தா தாய் எறங்காது..." என்று ஷாஸ்லி இழுத்தான்.

கரமல்லாவின் முகம் மாறியது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை.

"ஷாஸ்லி. ஆறு பேரு வந்து எறங்கியிருக்கோம். அவன் ரெண்டு வருஷ ரோஷத்த விழுங்கிட்டு வந்திருக்கான். எங்கள எந்திரிக்கச் சொல்றியா?"

அத்தல்லா மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. இப்போது எழுந்திருங்கள் என்று சொன்னால் அந்த மனிதன் இந்த ஜென்மத்தில் மறுபடி வரமாட்டான், அம்மா செத்து மையித்து எடுக்கும்போதுதான் மப்ரூக்கா அந்த வீட்டுக்குப் போவாள் என்று ஷாஸ்லிக்குத் தெரிந்தது.

அவன் உட்கார்ந்து கரியை மூட்டினான்.

கொட்டையை வறுக்க அவசரப்பட்டான். "கருக்கிறாதப்பா, மெதுவா, மெதுவா" என்றார் ஒருவர். உரலில் இடித்தான். இஞ்சியைத் தட்டினான். புகை மேலே போய்க் கூட்டின் பக்கம் சாய்ந்தது. தாய் கத்த ஆரம்பித்தது, சின்னச் சின்னதாக, விட்டு விட்டு. இரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல்கள் அவனுக்கு அத்துப்படி. மீனோடு ஆண் வரும்போது ஒரு குரல், பசிக்கு ஒரு குரல். இது ஆபத்துக் குரல்.

முதல் கோப்பை ஊற்றியபோது அத்தல்லா தலையை நிமிர்த்தினான். வானத்தைப் பார்த்தான். ஷாஸ்லியைப் பார்த்தான்.

"உன் ரெண்டாவது சம்சாரம் கூப்புடுறாப்ல இருக்கே" என்றான்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மச்சான் பேசிய முதல் வார்த்தை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கரமல்லாவுக்குப் புரை ஏறிவிட்டது. ஷாஸ்லியும் சிரித்தான்.

பேச்சு ஓட ஆரம்பித்தது. பழைய கதை, எந்தப் பாட்டனார் யாருக்குக் கிணற்றை விட்டுக்கொடுத்தார், எந்த வருஷம் மழை பெய்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கூஜாவில் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். இரண்டாவது கோப்பை முடிகிற நேரத்தில் ஒரு கடற்காகம் கூட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. ஷாஸ்லி மட்டும்தான் அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தாய் ஒருமுறை பாய்ந்து விரட்டியது, புகையைக் கண்டு மறுபடி மேலே போனது. இப்போது கடற்காகம் இரண்டு.

கூஜா அவன் கையில் இருந்தது. அவன் மூன்றாவது கோப்பையை ஊற்றினான். ஆறு பேருக்கும், ஒருவருக்குக்கூடச் சிந்தாமல். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சமரசம் முடிந்ததற்கு அடையாளமாகக் கரமல்லா பாத்திஹா ஓதினார். எல்லோரும் எழுந்தார்கள். அத்தல்லா ஷாஸ்லியைக் கட்டிப் பிடித்துத் தோளில் முகம் வைத்து அழுதான். ஷாஸ்லியும் அழுதான். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்குத்தான் அழுகிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் வந்திறங்கி ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

படகு கண்ணுக்கு மறைந்ததும் மறைவுக்குப் போய்த் தொலைநோக்கியில் கண் வைத்தான். தாய் இறங்கியிருந்தது. இறக்கையை விரித்து நின்றிருந்தது. காலடியில் ஒரே ஒரு தலை ஆடியது. இன்னும் இரண்டு தலை எழும்பும் என்று அஸர் தாண்டியும் படுத்திருந்தான். எழும்பவில்லை.

வீட்டில் மப்ரூக்கா கையில் மருதாணி வைத்து, சாம்பிராணி போட்டுக் காத்திருந்தாள். பாட்டு வேறு. நாளைக்குக் காலையில் அம்மாவைப் பார்க்கப் போகிறாள்.

"சாப்புடலையா? என் சக்களத்தி வீட்டுலயே ஆச்சா?" என்றாள்.

"பசிக்கல."

"எங்கண்ணன் என்ன சொன்னான்? ஒண்ணு விடாமச் சொல்லு."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அத்தல்லாவின் கேலியைக்கூடச் சொன்னான், அவள் சிரித்தாள். கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இஞ்சியை முடிந்துகொடுத்தவள் அவள்தானே.

வியாழக்கிழமை காப்பகத்திலிருந்து டாக்டர் இனாஸ் வந்தாள். பறவை டாக்டர். கெய்ரோவிலிருந்து வந்து நாலு வருஷமாகப் பிடிவாதமாக இந்தக் கரையில் இருக்கிறவள். படகுத்துறையில் நின்றே நோட்டை வாங்கிப் பார்த்தாள். போன வாரம் மூன்று, இந்த வாரம் ஒன்று. இழப்பின் காரணம் என்ற இடம் காலியாக இருந்தது.

"கடற்காகமா, ஷாஸ்லி அண்ணே?"

"கடற்காகந்தான் தூக்கிட்டுப் போச்சு."

"சரி, அப்படியே போட்டுர்றேன்." அவள் பேனாவைத் திறந்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். பொய்கூட இல்லை. ஷாஸ்லி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

"ஆளுங்க இருந்தாங்க டாக்டரம்மா. ஆறு பேரு. என் விருந்தாளிங்க. காபி காய்ச்சுனேன். ஒண்ணே முக்கா மணி நேரம் ஆச்சு. என் பேரப் போடுங்க."

இனாஸ் எழுதவில்லை. "இத நீங்க சொல்லணும்னே இல்லையே. யாரு பாத்தா?"

"நாற்பது நிமிஷத்துக்கு என் மச்சான் பேர எழுதுனவன் நான். அவனோட வாசலுக்கு என் பொண்டாட்டி ரெண்டு வருஷம் போகல. இப்ப நான் காக்காய்னு எழுதுனா, அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?"

இனாஸுக்குக் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். "எழுதுனா உங்கள இங்க விடமாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

தெரியும் என்றானே தவிர, நிஜமாகவே நடக்கும் என்று நினைக்கவில்லை. நடந்தது. கூட்டுத் தீவில் பருவ காலத்தில் ஆள் கூட்டியவர் யாரானாலும் அந்தப் பருவம் முடியும் வரை தீவுப் பக்கம் வரக் கூடாது. விதி விதிதான், அவனே நாலு பேருக்குச் சொன்ன விதி. மலைக்குள்ளே போகும் சாலையில், கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் சோதனைச் சாவடிக்கு மாற்றினார்கள். கல் ஏற்றிய லாரி வந்தால் கம்பத்தைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். தீவுக்கு அனுப்ப வேறு ஆள் இல்லாததால் தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

அப்போதுதான் மப்ரூக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. மருதாணி இன்னும் அழியாத கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாந்தானே அனுப்புனேன். இஞ்சி வேற குடுத்தேன்."

"நீ என்ன செய்வ? நாந்தான் ஊத்துனேன்."

"ரெண்டுமா போச்சு?"

"ரெண்டும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பறவையை அவள் சக்களத்தி என்று சொல்லிக் கேட்டதில்லை.

அத்தல்லா கத்தினான். சாவடிக்கே வண்டி பிடித்து வந்து, லாரிக்காரர்கள் பார்க்கக் கத்தினான். "சமாதானம் பேச வந்தவங்கள மறுபடியும் எழுதிட்டியா? எங்க மூஞ்சியில கரியப் பூசுறதே உனக்குப் பொழப்பா?"

"உங்க பேரு ஒண்ணையும் எழுதல. என் பேருதான் இருக்கு. போய்ப் பாத்துக்கோ."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்போமேடா!"

"சொன்னேன். பெரியவர் என்ன கேட்டாருன்னு நெனச்சுப் பாரு. நீ அப்ப எங்க பாத்துக்கிட்டிருந்தேன்னும் நெனச்சுப் பாரு."

அத்தல்லா திரும்பி நடந்தான். சாவடிக்காரர்கள் கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டான். சண்டை மறுபடி மூண்டுவிட்டது என்றே ஷாஸ்லி நினைத்தான்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. சாவடியில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் சத்தம் கேட்கும்.

"ஒரு மீனு கொண்டாந்துச்சு. பச்சையா இருந்துச்சு. கிளிமீனா இருக்கும்" என்றது அத்தல்லாவின் குரல். சலாம்கூடச் சொல்லவில்லை.

"நீ எங்க இருக்க?"

"பாறைக்கு வெளிய நங்கூரம் போட்டிருக்கேன். கத்தாத, எறங்கல. வெள்ளக்காரங்கிட்ட ஒரு கண்ணாடி வாங்கி வெச்சிருக்கேன், அதுல பாக்குறேன். எவனாவது மணல் பக்கம் வந்தா எஞ்சினப் போட்டு மறிக்கிறேன். உன்ன விட நல்லா மறிக்கிறேன், ஊர்ந்துக்கிட்டு இல்ல."

அன்றிலிருந்து நாள் தவறாமல் மதியம் தொலைபேசி வந்தது. அத்தல்லாவுக்குச் சொல்லத் தெரியாது. "நல்லாத்தான் இருக்கு" என்பான். ஷாஸ்லி விடமாட்டான். எத்தனை முறை ஊட்டியது, கழுத்தில் இரைப்பை புடைத்திருந்ததா, எழுந்து நின்றதா, எச்சத்தை விளிம்புக்கு வெளியே அடித்ததா.

"அதையுமாடா பாக்கணும்?"

"அதத்தான் மொதல்ல பாக்கணும்."

மார்ச் நடுவில் வடகாற்று பிடித்தது. மூன்று நாள் கடல் நுரைத்துக் கிடந்தது, அத்தல்லாவின் படகு போகவில்லை, தொலைபேசியும் வரவில்லை. கலங்கிய கடலில் ஆணுக்கு மீன் தென்படாது என்று ஷாஸ்லிக்குத் தெரியும். சாவடியில் ஒரு லாரிக்காரனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். சாம்பலில் சுட்ட ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தான். நாலாம் நாள் மதியம் அத்தல்லா கூப்பிட்டான்.

"இருக்கு" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு ஷாஸ்லி கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "தாயே போய் மீன் புடிச்சிட்டு வந்துச்சு மச்சான். ஆண் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். குஞ்சு கத்துற கத்தல் இங்க வரைக்கும் கேக்குது."

ஏப்ரல் பிறக்கும்போது குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று காற்றைப் பார்த்து இறக்கை அடிக்க ஆரம்பித்தது. அடித்து அடித்துக் கையளவு எழும்பி, மறுபடி விழும். அத்தல்லா இப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிட்டான். சுற்றுலா ஆட்களைத் தம்பிமார் படகில் அனுப்பிவிட்டு அங்கேயே கிடந்தான். மப்ரூக்காவும் ஒரு நாள் அண்ணனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "உசரமாத்தான் இருக்கு, உன்ன மாதிரி ஒல்லி" என்றாள்.

ஷாஸ்லி இனாஸைக் கூப்பிட்டு, ஒரே ஒரு நாள், பாறைக்கு வெளியே, படகிலேயே, என்று கேட்டான். அவள் மேலே கேட்டுப் பார்த்தாள். பருவம் முடியட்டும் என்றார்கள். அவள் அதைச் சொல்லிவிட்டு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை டாக்டரம்மா என்று அவன்தான் அவளைத் தேற்றினான்.

ஆறாம் தேதி, காலை பத்தரை இருக்கும். ஒரு கல் லாரி வந்து கம்பத்துக்கு முன்னால் நின்றது. தொலைபேசி அடித்தது. ஷாஸ்லி லாரியை அப்படியே விட்டுக் கொடிக்கம்பத்துக்கு ஓடினான்.

"மச்சான், நிக்குது... விளிம்புல நிக்குது... காத்து நல்லா இருக்கு... அடிக்குது, அடிக்குது..." அத்தல்லா மூச்சிரைத்தான். பிறகு பேச்சு நின்றுவிட்டது. எஞ்சின் இரைச்சல் இல்லை, அலை படகில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஷாஸ்லி ஹலோ ஹலோ என்று கத்தினான். அத்தல்லா பேசவில்லை. சொல்ல வேண்டும் என்பதையே மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா ஆச்சு? தண்ணியில விழுந்துருச்சா?"

"இல்ல" என்றது குரல் கடைசியில். அவன் அழுதுகொண்டிருந்தான். "போயிருச்சு மச்சான். தீவச் சுத்திட்டு, என் தலைக்கு மேலயே போச்சு. தாய் பின்னாடியே போவுது. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா, நீ பாத்திருக்கணும்டா. எனக்கு இத என்னன்னு சொல்லத் தெரியல. நான் பாத்து என்ன பிரயோஜனம், நீ பாத்திருக்கணும்."

"பறந்துச்சுல்ல. அது போதும்" என்றான் ஷாஸ்லி.

போதும் என்று சொன்னானே ஒழிய, போதவில்லை. மூன்று வருஷம் வயிறு தேய ஊர்ந்தவனுக்கு அது எப்படிப் போதும்? கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து தலைத்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான், சந்தோஷத்துக்குப் பாதி, பார்க்காமல் போனதற்குப் பாதி. லாரிக்காரன் இறங்கி வந்து பக்கத்தில் குந்தி, "யாராவது மௌத்தாயிட்டாங்களா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்லப்பா. யாரும் இல்ல. நல்ல சேதிதான்" என்றான் ஷாஸ்லி. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்க் கம்பத்தைத் தூக்கிவிட்டான்.